ஸ்பானிஷில் ‘பேசியிருப்பேன்’ எனக்கு வசப்பட்ட விதம்

ஸ்பானிஷ் பி2 (மேல் இடைநிலை) பாடத்தில் ரொம்ப நாள் பிடி கொடுக்காமல் இருந்தது கொந்திஸியோனால் கொம்புவெஸ்தோ. ‘நேரம் இருந்திருந்தால் உன்னோடு பேசியிருப்பேன்’ என்கிறோமே, அந்தப் ‘பேசியிருப்பேன்’தான் இது.

அட்டவணையை மூடி வைத்துவிட்டு அந்தத் தமிழ்ச் சொல்லையே பிரித்துப் பார்த்தேன். பேசி, இருப்பேன். ஆள் மாறினால் இருப்பாய், இருப்பார்கள் என்று வால் மட்டும் மாறும், ‘பேசி’ அசையாது. ஸ்பானிஷிலும் அதே ஏற்பாடுதான், வரிசை மட்டும் தலைகீழ்: அப்ரீயா அப்லாதோ. ‘இரு’ செய்யும் வேலையை அங்கே அபேர் என்ற துணைவினை செய்கிறது.

அதன் ஆறு வடிவங்களை நான், நீ, அவர், நாங்கள், நீங்கள், அவர்கள் என்ற வரிசையில் வாய்விட்டுச் சொல்லிப் பழகினேன்: அப்ரீயா, அப்ரீயாஸ், அப்ரீயா, அப்ரீயாமோஸ், அப்ரீயாய்ஸ், அப்ரீயான். எழுத்தில் முன்னால் நிற்கும் ‘எச்’சுக்கு ஒலி கிடையாது, ஆறிலுமே அழுத்தம் ‘ரீ’யில். ஐந்தாவது ஸ்பெயினில்தான் புழங்குகிறது, லத்தீன் அமெரிக்காவில் அப்ரீயான் போதும். முதலாவதும் மூன்றாவதும் ஒன்றே என்பதால், குழப்பம் வருமிடத்தில் நான், அவள் என்று எழுவாயையும் சேர்த்துவிடுவது நல்லது.

அடுத்த பாதி சுலபம். ‘ஆர்’ என முடியும் வினைக்கு ‘ஆதோ’. ‘ஏர்’, ‘ஈர்’ இரண்டுக்கும் ‘ஈதோ’. அப்லார் அப்லாதோ ஆகும், கொமேர் கொமீதோ, பிவீர் பிவீதோ. பேசியது பெண்களானாலும் அப்லாதோதான். ஒரு நிலையில் இருப்பதைச் சொல்லும் எஸ்தார் வினையோடு வரும்போது பாலுக்கேற்ப மாறுகிற அதே வடிவம் அபேரோடு வந்தால் மாறாது.

இரண்டுக்கும் நடுவே எதையும் நுழைக்காதீர்கள். ‘எழுந்திருப்பேன்’ என்பதற்கு மே அப்ரீயா லெபந்தாதோ. ‘என்னை’ என்று பொருள்படும் அந்த ‘மே’ முன்னாலேயே நிற்க வேண்டும். ‘இல்லை’ என்று மறுக்கும் ‘நோ’வும் அப்படியே.

இனி முழு வாக்கியம்: ஸி உபியேரா தெனீதோ தியெம்போ, அப்ரீயா அப்லாதோ கொந்தீகோ. ‘ஸி’ (நம் ‘இருந்தால்’ என்பதன் ‘ஆல்’) இருக்கும் பாதியில் அபேரின் இன்னொரு வடிவமான உபியேரா. அப்ரீயா அங்கே வரக்கூடாது. இன்னொரு பாதியில் அப்ரீயாவுக்குப் பதில் உபியேரா சொல்வதும் அங்கே சரியான வழக்குதான் என்றாலும், படிக்கும் காலத்தில் இரண்டையும் பிரித்தே வைத்துக்கொண்டேன்.

எனக்கு மிகவும் பிடித்தது இதன் இன்னொரு பயன். ‘அந்நேரம் அவர் சாப்பிட்டிருப்பார்’ என்று ஊகமாகச் சொல்வோமில்லையா? யா அப்ரீயா ஸெனாதோ. நடக்காததற்கும் ஊகத்துக்கும் தமிழிலும் ஒரே ‘இருப்பார்’, அங்கேயும் ஒரே அப்ரீயா.