சீமெந்துப் பையை எண்ணச் சொன்னவர்

எங்களுக்கு மூன்று ஹாட்வெயார் கடைகள். யாழ்ப்பாணம் ஸ்ரான்லி வீதியில் அப்பா தொடங்கியது, பிறகு சுன்னாகம், கடைசியாகக் கிளிநொச்சி. பத்து வருடமாகக் கணக்கு என் கையில்தான். எந்தச் சாமான் எந்தக் கடையில் தேங்கிக் கிடக்கிறது, யாருடைய கடன் எத்தனை மாதமாக நிற்கிறது என்று ஒரே இடத்தில் பார்க்க முடியாமல் மாதாமாதம் எக்செல் தாள்களை ஒட்டிக்கொண்டிருந்தேன். 2025 நல்லூர்க் கந்தசுவாமி கோயில் திருவிழா முடிந்த கையோடு, இந்த வேலையைச் செய்து தர ஒரு பிஐ (பிசினஸ் இன்டெலிஜென்ஸ், அதாவது வியாபாரத் தரவைத் தொகுத்து அறிக்கையாக்கும் வேலை) ஆலோசனை நிறுவனத்தைத் தேடத் தொடங்கினேன். நான்கு இடத்தில் பேசினோம்.

முதல் இரண்டு பேரும் வேறு யாருடையவோ தரவில் செய்த டாஷ்போர்ட்டுகளை, அதாவது எண்களும் படங்களும் ஒரே திரையில் வரும் அறிக்கைகளைக் காட்டினார்கள். பார்க்க நன்றாகத்தான் இருந்தன. எங்கள் கடைக்கு அதில் என்ன இருக்கிறது என்று எனக்குப் பிடிபடவில்லை. மூன்றாமவர்கள் ஒரு படி மேலே போய், எங்கள் ஆறு வருட விற்பனையை வாங்கிப் போட்டு ஒரு வரைபடம் கொண்டுவந்தார்கள். கோடு மேலே மேலே ஏறியது. அப்பா கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "இது பிழை பிள்ளை. 2022க்குப் பிறகு நாங்கள் இவ்வளவு விக்கேல்லை" என்றார்.

அப்பா சொன்னது சரி. 2022 தொடக்கத்தில் ஒரு டொலர் 200 ரூபா அளவில் நின்றது, மே மாதம் 360ஐத் தொட்டது. சீமெந்தும் கம்பியும் அதோடு சேர்ந்து ஏறின. வற் வரி அந்த வருடம் ஜூனில் 8இலிருந்து 12 வீதமாகி, செப்டெம்பரில் 15 ஆகி, 2024 ஜனவரியில் 18 ஆனது. கோட்டில் ஏறியது விலையும் வரியும். கடையிலிருந்து போன பைகள் குறைந்திருந்தன. பில்லில் இருக்கும் தொகை வரியோடு சேர்த்ததா, சேர்க்காததா என்றுகூட அவர்கள் எங்களிடம் கேட்கவில்லை.

நான்காவதாக வந்தவர் கொக்குவிலில் இரண்டு பேரோடு வேலை செய்யும் ஒரு தம்பி. லப்டொப்பைத் திறக்கவேயில்லை. "ஐயா, 2019இல மாதத்துக்கு எத்தனை பை சீமெந்து போச்சுது, இப்ப எத்தனை போகுது?" என்று அப்பாவைக் கேட்டார். அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். அதற்குப் பிறகு இரண்டு மணித்தியாலம் அவர்கள் இருவரும்தான் பேசினார்கள்.

அடுத்த நாள் சாமான் பட்டியலைக் கேட்டார். சிக்கல் அங்கேதான் இருந்தது. ஸ்ரான்லி வீதிக் கடையின் பழைய பில் மென்பொருளில் பெயர்கள் எல்லாம் பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் அடித்தவை. வெளியே எடுத்தால் வெறும் ஆங்கில எழுத்துக் குவியலாக வரும். கிளிநொச்சியில் யூனிகோட். சுன்னாகத்தில் ஆங்கிலம். ஒரே அரை இஞ்சிக் குழாய்க்கு மூன்று கடையில் ஐந்து பெயர். அவர் ஒரு முழு நாள் சுன்னாகம் ஸ்டோரில், பதினெட்டு வருடமாகச் சாமான் எடுத்துக் கொடுக்கும் அண்ணைக்குப் பக்கத்தில் இருந்து, எது எதுவோடு சேரும் என்று எழுதி எடுத்தார். "அக்கா, வேலையில பாதிக்கு மேல இதுதான். படம் கீறுறது கடைசி" என்றார். விலைப்பத்திரத்திலும் அப்படியே பிரித்துப் போட்டிருந்தார். மற்ற மூன்றிலும் தரவைச் சுத்தம் செய்வதற்கு ஒரு வரிகூட இல்லை.

நல்லூர் விஷயத்தையும் அவர்தான் பிடித்தார். வெளிநாட்டிலிருந்து வருபவர்கள் பூட்டிக் கிடந்த வீட்டைத் திறந்து பெயின்ட் அடிப்பது, குழாய் மாற்றுவது எல்லாம் கொடியேற்றத்தை ஒட்டித்தான். அந்தக் கொடியேற்றம் 2023இல் ஓகஸ்ட் 21, 2024இல் ஓகஸ்ட் 9, 2025இல் ஜூலை 29. ஜூலையை ஜூலையோடு ஒப்பிட்டால் பெயின்ட் விற்பனை திடீரென்று கூடியது போலத் தெரியும். ஆகவே தேதி அட்டவணையில் "கொடியேற்றத்துக்கு எத்தனை நாள்" என்று ஒரு நிரல் வைத்தார். எங்கள் ஊரைத் தெரிந்த ஒருவர் வேண்டும் என்று நான் சொல்வது இதற்காகத்தான்.

பணம், ஒப்பந்தம் பற்றியும் சொல்லவேண்டும். இந்த அறிக்கைகளைச் செய்யும் மைக்ரோசொப்டின் பவர் பிஐ மென்பொருளின் டெஸ்க்டொப் பதிப்பு இலவசம். ஆனால் அறிக்கையை மற்றவர்களோடு பகிர ஆளுக்கொரு லைசன்ஸ் வேண்டும். அது 2025 ஏப்ரலில் மாதம் 10 டொலரிலிருந்து 14 ஆனது. ஐந்து பேருக்கு 70 டொலர். அந்த லைசன்ஸில் ஒரு நாளைக்கு எட்டு முறைதான் தரவு தானாகப் புதுப்பிக்கப்படும், அந்த நேரத்தில் கடையில் கேட்வே (கடைத் தரவை இணையத்துக்கு அனுப்பும் மென்பொருள்) போட்ட கொம்பியூட்டர் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். இதெல்லாம் நாங்கள் கேட்காமலே அவர் சொன்னது. இன்னொரு நிறுவனம் எல்லாவற்றையும் தங்கள் கணக்கில் வைத்து எங்களிடம் மாதவாடகை வாங்கப் பார்த்தது. அவர்களை விட்டு விலகினால் எங்கள் கையில் ஒன்றும் மிஞ்சாது. கணக்கு எங்கள் பெயரில், மூலக் கோப்பு எங்கள் கையில், ஒவ்வொரு கணக்கீட்டுக்கும் தமிழில் ஒரு விளக்கம் என்று எழுதி வாங்கினேன். கடன் வாடிக்கையாளர்களின் அடையாள அட்டை எண் இருந்த நிரலை, பிரதி எடுக்கும் முன்பே அவர் அழிக்கச் சொன்னார். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தை நான் வாசித்ததே அதற்குப் பிறகுதான்.

நான்கு பேரிடமும் பழைய வாடிக்கையாளர் ஒருவரின் தொலைபேசி இலக்கம் வாங்கினேன். "வேலை எப்படி?" என்று கேட்டால் எல்லோரும் நல்லது என்றுதான் சொல்வார்கள். "இன்று காலை அந்த அறிக்கையைத் திறந்தீர்களா?" என்று கேட்டேன். ஒருவர் ஆறு மாதமாகத் திறக்கவில்லை என்றார். கொக்குவில் தம்பி தந்த இலக்கத்தில் இருந்தவர், பேசிக்கொண்டிருக்கும்போதே திறந்து நேற்றைய விற்பனையை வாசித்துக் காட்டினார்.

வேலை முடிய நான்கு மாதமானது. முதல் கிழமையிலேயே ஒன்று தெரிந்தது: சுன்னாகத்தில் 140 குழாய் வால்வுகள் இரண்டு வருடமாக அசையாமல் கிடக்க, கிளிநொச்சிக் கடை அதே சாமானைப் புதிதாக வாங்கிக்கொண்டிருந்தது, வேறு பெயரில். புதன்கிழமை லொறியில் அவற்றை ஏற்றி அனுப்பினோம். அப்பாவும் கூடவே போனார்.