குதிரை டிஎன்ஏ மார்க்கர்: வைவாவில் நான் தடுமாறிய இடம்

செந்தூலில் எங்கள் பக்கத்து வீட்டுத் தங்கச்சி போன வாரம் கேட்டாள்: "அக்கா, குதிரை டிஎன்ஏ மார்க்கரை மாஸ்டர்ஸ் ஆய்வுக்கு எடுக்கலாமா?" மார்க்கர் என்றால் குதிரைக்குக் குதிரை வேறுபடும், டிஎன்ஏவில் உள்ள ஒரு குறிப்பிட்ட இடம். தாராளமாக எடுக்கலாம். ஆனால் பிசிஆர் (டிஎன்ஏவின் ஒரு துண்டைப் பல மடங்கு பெருக்கும் முறை) ஓட்டக் கற்பது சில வாரத்து வேலை. ஒவ்வொரு மார்க்கரின் குணத்தையும் தெரிந்துகொள்வதுதான் உண்மையான படிப்பு. அவளுக்குச் சொன்னதை இங்கேயும் எழுதுகிறேன்.

முதலில் மாதிரி. கோலாலம்பூரில் நான் போன லாயத்தில் சைஸ் (குதிரை பராமரிப்பவர்) அண்ணன், நான் கத்தரிக்கோலை எடுத்ததுமே தடுத்தார். "வெட்டாதம்மா, வேரோட வரணும்" என்று பிடரி மயிரை விரலில் சுற்றி வெடுக்கென்று இழுத்தார். நுனியில் வெள்ளையாய்க் கடுகளவுகூட இல்லாத குமிழ். நமக்கு வேண்டிய டிஎன்ஏ அதில்தான் இருக்கிறது. 20, 30 முடி போதும். பிளாஸ்டிக் பையில் போடாதீர்கள். நம் ஊர் ஈரத்தில் பூஞ்சை பிடிக்கும். காகித உறைதான் சரி.

இனி மார்க்கர். 2018இல் வெளிவந்த ஈக்குகேப் 3.0, ட்வைலைட் என்ற தரோபிரெட் (பந்தயக் குதிரை இனம்) பெண் குதிரையின் மரபணுத் தொகுப்பு. அதில் 'சிஏசிஏசிஏ' என்று திரும்பத் திரும்ப வரும் இடங்களை, அதாவது மைக்ரோசாட்டிலைட்டுகளைத் தேடி, இரு பக்கமும் பிரைமர் (பெருக்கத்தைத் தொடங்கிவைக்கும் சிறு டிஎன்ஏ துண்டு) வடிவமைக்கிறோம். அந்தத் துணுக்கு எத்தனை முறை வருகிறது என்பது குதிரைக்குக் குதிரை மாறும். ஆனால் பந்தயக் குதிரைகளில் மட்டும் சோதித்து மார்க்கரைத் தேர்ந்தெடுக்காதீர்கள். தரோபிரெட்டின் வம்சப் பதிவு 1791இலிருந்து வருவது, வெளி ரத்தம் சேராதது, வேறுபாடு குறைவு. வேறு இனக் குதிரைகளையும் சேருங்கள்.

பிரைமர் ஒட்டும் இடத்திலேயே ஒரு எழுத்து மாறியிருந்தால் அந்த அல்லீல் (தாயிடமிருந்து ஒன்று, தந்தையிடமிருந்து ஒன்று என வரும் வடிவம்) பெருகாமலே போகலாம். இதைத் தாயும் குட்டியும் காட்டிக்கொடுக்கும். தாய்க்கு 'எம்' என்ற அல்லீல் மட்டும், குட்டிக்கு 'கே' என்ற அல்லீல் மட்டும் தெரிந்தால், தாய் மாறிவிட்டது என்று முடிவு கட்டாதீர்கள். தாயின் இன்னொரு அல்லீல் கண்ணுக்குத் தெரியாமல் குட்டிக்குப் போயிருக்கலாம். பிரைமரை மாற்றி வைத்துப் பாருங்கள். அதனால் முதல் சோதனையையே தாய், தந்தை, குட்டி மூன்றையும் சேர்த்துச் செய்வது நல்லது.

அப்புறம் வைவா, அதாவது ஆய்வேட்டைப் பற்றிய வாய்மொழித் தேர்வு. ஒப்பிட்டுப் பார்க்க, தயாராகக் கிடைக்கும் கிட்டில் உள்ள மார்க்கர்களையும் ஓட்டியிருந்தேன். அதில் லெக்ஸ்-3 ஒன்று. நான் சோதித்த ஆண் குதிரைகள் அத்தனையிலும், காயடித்தவை உட்பட, அதற்கு ஒரே ஒரு சிகரம்தான் (வரைபடத்தில் ஒவ்வொரு அல்லீலும் ஒரு சிகரமாகத் தெரியும்). தாய், தந்தை இரண்டிடமிருந்தும் ஒரே அல்லீல் வந்திருக்கிறது, அது நெருங்கிய உறவில் இனம் சேர்த்ததன் விளைவு என்று ஆய்வேட்டில் ஒரு பத்தியே எழுதியிருந்தேன். தேர்வாளர் அந்தப் பக்கத்தைத் திறந்து, "இந்த மார்க்கர் எந்தக் குரோமோசோமில் இருக்கிறது?" என்று மட்டும் கேட்டார். எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. அது எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. ஆணுக்கு எக்ஸ் ஒன்றுதான்; இரண்டு சிகரம் எங்கிருந்து வரும்? அந்த அத்தியாயத்தின் கணக்கு முழுவதையும் பெண் குதிரைகளைத் தனியே பிரித்துத் திரும்பப் போட வேண்டியதாயிற்று.

அதற்குப் பிறகுதான் ஒரு நோட்டு போட்டேன். மார்க்கருக்கு ஒரு பக்கம்: எந்தக் குரோமோசோம், துணுக்கு என்ன, அளவு எவ்வளவு, உண்மையான சிகரத்துக்கு முன்னால் வரும் குட்டிச் சிகரங்கள் எப்படி இருக்கும் என்று கையால் வரைந்த படம். மென்பொருள் தரும் எண்ணை அப்படியே எடுக்காமல் அந்தப் படத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பேன். இதை ஆய்வின் முதல் வாரத்திலேயே தொடங்கியிருக்க வேண்டும்.

ஒரே சிப்பில் 50,000க்கு மேல் எஸ்என்பி (டிஎன்ஏவில் ஒற்றை எழுத்து மாறும் இடம்) பார்க்கும் காலத்தில் இது எதற்கு என்று தங்கச்சி கேட்டாள். நாற்பது ஐம்பது குதிரைகளுக்குப் பெற்றோரை உறுதிசெய்ய மாணவர் கையில் இருக்கும் பணத்துக்கு மைக்ரோசாட்டிலைட் இன்னும் கட்டுப்படியாகிறது. அடுத்த மாதம் லாயத்துக்கு அவளையும் அழைத்துப் போகிறேன். காகித உறையும், அழியாத பேனாவும், ஒரு தடித்த நோட்டும் வாங்கி வைக்கச் சொல்லியிருக்கிறேன்.