டிஜிட்டல் தராசில் ஹை, ஓகே, லோ லிமிட் வைத்துப் பார்த்தது

இந்த வசதியுள்ள தராசில் கீழ் லிமிட், மேல் லிமிட் என்று இரண்டு எண்ணை ஏற்றினால், தட்டிலுள்ள எடையை அவற்றோடு ஒப்பிட்டு, குறைந்தால் லோ, கூடினால் ஹை, இடையில் இருந்தால் ஓகே என்று விளக்காலோ பஸ்ஸராலோ சொல்லும். தராசு: 6 கிலோ கொள்ளளவு, 1 கிராம் பிரிவு (டிஸ்ப்ளே எண் 1 கிராம் படியாக மாறும்). வேலை: 500 கிராம் பொட்டலம் சரிபார்ப்பது. 500-க்குக் கீழே போகக் கூடாது. 506 வரை பரவாயில்லை.

முதலில் பிரிவைப் பாருங்கள். இதே வேலையை 5 கிராம் பிரிவுத் தராசில் செய்தால், இந்த எல்லைக்குள் 500, 505 என்று இரண்டே எண்கள்தான் வரும். 497.5 கிராம் பொட்டலம்கூட 500 என்று காட்டி ஓகே வாங்கிவிடும். 1 கிராம் பிரிவிலும் இந்தச் சிக்கல் சிறிய அளவில் இருக்கிறது: 499.5-ஐயும் 500 என்றே காட்டும். அதனால் கீழ் லிமிட் 501, மேல் லிமிட் 506. 500.2 கிராம் பொட்டலம் ஒன்றிரண்டு வீணாக லோவில் விழும். குறைந்த எடை வெளியே போவதைவிட அது மேல்.

எண்ணை ஏற்றுவது சுலபம். கிலோவிலா கிராமிலா கேட்கிறது, தசமப்புள்ளி எங்கே நிற்கிறது என்று மட்டும் கவனித்தால் போதும். ஏற்றியபின் ஒருமுறை அணைத்துப் போட்டு, லிமிட் நினைவில் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

எப்போது ஒப்பிட வேண்டும் என்ற செட்டிங்கில்தான் பாதிப் பேர் சறுக்குகிறார்கள். 'எப்போதும்' என்று விட்டால், பொட்டலத்தைத் தட்டில் போட்ட வேகத்தில் எண் ஒரு கணம் 520-க்கு எகிறி ஹை விளக்கு மின்னும். ரிலே (தராசின் சிக்னலில் இயங்கும் ஸ்விட்ச்) வழியாகத் தள்ளும் கை ஏதாவது இணைத்திருந்தால் நல்ல பொட்டலத்தையும் தள்ளிவிடும். கட்டி முடித்த பொட்டலத்துக்கு 'எண் நிலைத்தபின்' என்பதே சரி. கையால் கொட்டி நிரப்புபவருக்கு நேர்மாறு: கொட்டும்போது எண் நிலைக்காது, விளக்கும் எரியாது. அங்கே 'எப்போதும்' வேண்டும்.

கூடவே 'பூஜ்ஜியத்தருகே ஒப்பிடாதே' என்பதையும் போடுங்கள். இல்லையென்றால் வெறும் தட்டுக்கே லோ பஸ்ஸர் நாள் முழுக்கக் கத்தும், கடைசியில் யாராவது பஸ்ஸரையே அணைத்துவிடுவார்கள். பூஜ்ஜியத்தருகே என்பது 5 பிரிவு என்றால் இங்கே 5 கிராம். அதைவிட லேசான பொருளுக்கு ஒப்பீடே நடக்காது.

டேர் (பையின் எடையைக் கழித்து எண்ணைப் பூஜ்ஜியமாக்குவது) போட்டபின் ஒப்பிடுவது நெட் எடையை, அதாவது சரக்கின் எடையை மட்டும். 8 கிராம் பையை வைத்து டேர் போட்டு, பொட்டலத்தைத் தூக்கினால் டிஸ்ப்ளே மைனஸ் 8 காட்டும். அது 5 கிராம் வட்டத்துக்கு வெளியே இருப்பதால் மறுபடி லோ. மைனஸ் பக்கத்தை ஒப்பிடாத தேர்வு இருந்தால் அதை எடுங்கள். பைகள் ஒரே எடையா என்று பத்தை எடை போட்டுப் பாருங்கள். 9 கிராம் பை வந்தால் சரக்கில் 1 கிராம் குறையும்.

இன்னொன்று: பொடியைப் பூஜ்ஜியத்திலிருந்து மிக மெல்லத் தூவினால், தானியங்கி பூஜ்ஜியத் திருத்தம் அதைத் தட்டின் தூசி என்று நினைத்து விழுங்கிவிடும். முதல் கையளவை மொத்தமாகப் போட்டுவிட்டு, பிறகு தூவுங்கள்.

சோதனைக்கு 500 கிராம் படிக்கல்லும் சில 1 கிராம் கற்களும் போதும். தராசைச் சூடேற விட்டு, நீர்மட்டக் குமிழை நடுவுக்குக் கொண்டுவந்து, 500, 501, 506, 507 என்று ஏற்றுங்கள். லோ, ஓகே, ஓகே, ஹை வர வேண்டும். 501-க்கு லோ வந்தால் அந்த மாடல் லிமிட் எண்ணையே ஓகேவில் சேர்ப்பதில்லை. கீழ் லிமிட்டை 500 ஆக்குங்கள்; அதேபோல 506-க்கு ஹை வந்தால் மேல் லிமிட்டை 507 ஆக்குங்கள்.