பாவுல் பாட்டுக்குக் கிக் போடும்போது

உப்புவெளி, நிலாவெளிக் கரையில் கச்சான் காற்று அடிக்கிற மாதங்கள்தான் ஹவுஸ், டெக்னோ என்ற எலக்ட்ரோனிக் நடன இசைக்குக் காலம். அந்த இசைக்குள் நம்முடைய ஒலிகளைக் கொண்டுவர நினைத்து, திருகோணமலையில் வீட்டுக் கொம்பியூட்டரில் வேலை செய்கிறவர்கள் முதலில் வங்காளத்தைப் பார்ப்பது நல்லது. இந்தச் சிக்கலுக்குள் வங்காளிகள் எப்போதோ இறங்கிவிட்டார்கள். 90களில் கிழக்கு லண்டனின் வங்காளிப் பிள்ளைகள், ஜோய் குழுவின் ஷம்ஷேர் சகோதரர்களும் 'ஸ்டேட் ஒஃப் பெங்கால்' என்ற பெயரில் இசை செய்த சாம் ஸமானும், ஊர் ஒலியை நடன மேடைக்குக் கொண்டுவந்தார்கள். ஸமான், வங்காளத்து நாடோடி ஞானப் பாடகர்களான பாவுல் மரபைச் சேர்ந்த பபன் தாஸுடன் சேர்ந்து செய்த இசைத்தட்டு 2004இல் வந்தது. ஒரு பாவுல் குரலை எலக்ட்ரோனிக் தாளத்தில் வைத்தால் என்ன நடக்கும் என்று அறிய அதைக் கேட்கலாம்.

முதலில் தாளம். பாவுல் பாட்டில் பலவும் ஆறு மாத்திரை: தாத்ரா என்ற தாளம், மூன்றும் மூன்றுமாக. நமக்குப் பழக்கமான சொல்லில் திஸ்ர நடை. ஹவுஸ் இசையின் நாலு கிக்கோ (கனத்த பேஸ் ட்ரம் அடி) சதுஸ்ர நடை. இரண்டையும் சேர்க்க ஆறை எட்டாக இழுக்க வேண்டியதில்லை. ஒரு கிக்குக்கு மூன்று மாத்திரை என்று வையுங்கள். முதல் மாத்திரையில் ஒரு கிக், நாலாவதில் ஒரு கிக். நாலு கிக் கொண்ட ஒரு பாருக்குள் தாத்ரா இரண்டு சுற்று சரியாக அடங்கும். 124 பிபிஎம் (நிமிடத்துக்கு 124 கிக்) வேகத்தில் ஒரு கிக்குக்கும் அடுத்ததற்கும் இடையில் 484 மில்லிசெக்கன், ஒரு மாத்திரைக்கு 161.

பெரும்பாலானோர் பாட்டைக் கெடுப்பது இங்கேதான். மென்பொருளின் நேரக் கட்டமான கிரிட்டை, பாரைப் பதினாறாகப் பிரிப்பதிலேயே விட்டுவிட்டு, அடிகளைக் கட்டத்துக்கு இழுக்கும் குவான்டைஸ் பொத்தானை அழுத்துகிறார்கள். இரண்டு கிக்குக்கு இடையில் மூன்றில் ஒரு பங்கில் விழ வேண்டிய அடி நாலில் ஒரு பங்குக்கு ஓடுகிறது, மூன்றில் இரண்டு நாலில் மூன்றுக்குப் போகிறது. இப்படி இழுபட்ட ஒவ்வோர் அடியும் 40 மில்லிசெக்கன் தள்ளி விழும். பாட்டு நொண்டும், ஏன் என்று விளங்காமல் கிக்கின் சத்தத்தைக் கூட்டிக்கொண்டே போவார்கள். கிரிட்டை டிரிப்லெட்டுக்கு, அதாவது கிக்குக்கு மூன்றாக, மாற்றுங்கள். குவான்டைஸும் முழுதாக வேண்டாம், பாதியளவு போதும். இன்னொன்று: தாத்ராவின் நாலாவது மாத்திரை காலி, அங்கே இடந்தலையின் முழக்கம் அடங்கிவிடும். இரண்டு கிக்கும் ஒரே கனத்தில் விழுந்தால் அந்தக் காலி காணாமல் போய்விடும். அந்த இடத்தில் பேஸ் நோட்டை எடுத்துவிட்டு, கிக்கை 2 டெசிபல் குறைத்தால் பாட்டு மூச்சு விடும்.

குரலைக் கிளிக் (காதில் தட்டும் தாளக் கணக்கு) இல்லாமல் பதிவு செய்யுங்கள். பிறகு மென்பொருளில் நேரத்தைப் பொருத்தப் பாருக்கு ஒரு குறி, சமத்தில் (சுற்றின் முதல் மாத்திரையில்) மட்டும். ஒவ்வோர் அட்சரத்துக்கும் குறி வைத்து இழுத்தால் குரல் தகரம் மாதிரி ஆகிவிடும். தோதாரா என்ற தந்தி வாத்தியத்தின் மீட்டல் அதைவிட மோசமாகக் குழம்பும். நூற்றுக்கு நாலைந்து வீதத்துக்கு மேல் இழுக்க வேண்டி வந்தால் பாட்டின் வேகத்தையே மாற்றுங்கள். 116இல் பாடினவரை 124க்கு ஓட வைப்பதில் எந்தப் பெருமையும் இல்லை.

இனிச் சுருதி. பாடகர் தன் ஒற்றைத் தந்தி ஏக்தாராவைத் தன் குரலுக்கு வைத்திருப்பார், பியானோவுக்கு அல்ல. டியூனரில் பார்த்தால் சட்ஜம் சி ஷார்ப்பிலிருந்து 20 சென்ட் (அரை சுரத்தில் ஐந்தில் ஒரு பங்கு) மேலே நிற்கலாம். அப்போது குரலை இறக்காதீர்கள். சிந்த் (சிந்தசைசர்) எல்லாவற்றையும் 20 சென்ட் ஏற்றுங்கள், ஏ சுரம் 440 ஹேர்ட்ஸுக்குப் பதில் 445. கிக்கையும் விட்டுவிட வேண்டாம். சி ஷார்ப் சட்ஜத்துக்குப் பஞ்சமம் ஜி ஷார்ப், அது கீழே 52 ஹேர்ட்ஸ் அளவில் வரும். கிக்கின் வால் அங்கே நின்றால் ஏக்தாராவும் கிக்கும் ஒன்றையொன்று தாங்கும். குரலில், சுருதியைத் திருத்தும் ஓட்டோடியூன் போடவே கூடாது. தோதாரா வீணையைப் போல மெட்டுகள் இல்லாத வாத்தியம், விரல் வழுக்கித்தான் சுரம் பிறக்கிறது. குரலும் அந்த வழுக்கலோடுதான் போகிறது.

சுரங்களைச் சேர்த்து ஒலிக்கும் கோர்ட் விஷயத்தில் நான் கண்டிப்பாக இருப்பேன். இந்தப் பாட்டுகள் பல கமாஜ் ராகச் சாயலில், நம் ஹரிகாம்போஜி மேளத்தின் சுரங்களில் நடக்கும். பாடகர் கைசிகி நிஷாதத்தில் நிற்க, நீங்கள் பழக்கதோஷத்தில் பஞ்சமத்து மேஜர் கோர்டைப் போட்டால் அதற்குள் காகலி நிஷாதம் இருக்கும். இரண்டும் அரை சுரத்தில் உரசும். சரணம் முழுவதற்கும் ச-ப மட்டும் வையுங்கள். அதுவே நிறைய.

கமக் என்ற வாத்தியத்துக்குத் தனி இடம் தர வேண்டும். தோலிலிருந்து வரும் நரம்பை ஒரு கை இழுக்க, மறு கை மீட்டும். இழுப்புக்கு ஏற்பச் சுரம் ஏறி இறங்கும். அம்மன் கோயில் உடுக்கில் கயிற்றை நெரிக்கும்போது கேட்கிற அதே குழைவு. சிந்த் பேஸும் அப்படி வழுக்கினால் இரண்டும் சேறாகிவிடும். கமக் பேசும் பாரில் பேஸ் ஒரே நோட்டில் நிற்கட்டும், கமக்கில் 120 ஹேர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிடுங்கள். கமக் கிடைக்காவிட்டால் உடுக்கையே பதிவு செய்யலாம், ஆனால் உடுக்கு என்று சொல்லியே போடுங்கள். தோல் வாத்தியம் கச்சானில் காய்ந்து சுருதி ஏறும், மாரியில் இறங்கும். ஒவ்வொரு பதிவுக்கும் முன் டியூனரில் பாருங்கள்.

கிக் விழும்போதெல்லாம் மற்ற ஒலியைத் தாழ்த்தும் சைட்செயின், ஏக்தாராவை 3 டெசிபலுக்கு மேல் இறக்க வேண்டாம். சுருதி கிக்குக்குக் கிக் மறைந்து மறைந்து வந்தால் குரல் அந்தரத்தில் தொங்கும்.

பாட்டியாலி என்ற வங்காளப் படகுப் பாட்டுக்குக் கிக்கே கூடாது. நீரோட்டத்தில் படகைத் தானாக மிதக்க விட்டுப் பாடும் பாட்டு அது, துடுப்பும் இல்லை தாளமும் இல்லை. தாளம் நிற்கிற பிரேக்டவுனில் வையுங்கள். நம் கரைவலைக்காரரின் அம்பாப் பாட்டு அதற்கு நேர் எதிர். வலையை இழுக்கும் உடம்பின் தாளம் அதில் இருக்கிறது, இழுப்பு விழுகிற இடத்தில் கிக் தானாகப் போய் அமரும்.

கடற்கரையில் போடுவதற்கு முன் முழுவதையும் மோனோவில் (இட, வல ஒலிகளை ஒன்றாக்கி) கேளுங்கள். இடமும் வலமுமாக விரித்து வைத்த தோதாரா அங்கே பாதி காணாமல் போகும். அதை நடுவில் ஒற்றையாக வைத்து எதிரொலியை மட்டும் விரித்தால் தப்பும். திறந்த வெளியில் பேஸ் பொக்ஸுக்குச் சுவரின் துணை இல்லை, அறையில் கேட்ட கனம் அங்கே வராது. அதற்காகக் கிக்கைக் கூட்டாமல் 100 ஹேர்ட்ஸுக்கு மேலே கொஞ்சம் தடிப்புக் கொடுங்கள்.

பல்லவியை மட்டும் வெட்டிச் சுற்றவிடுவது இந்த இசையின் பெரிய குற்றம். பாவுல் பாட்டின் கடைசிச் சரணத்தில் இயற்றியவர் தன் பெயரைச் சொல்வார். பனிதா என்பார்கள், நம் கீர்த்தனைகளின் முத்திரை போல. 1890இல் மறைந்த பாவுல் கவி லாலன் இன்றும் தன் பாட்டுக்குள் 'லாலன் சொல்கிறான்' என்று வந்து நிற்பது அப்படித்தான். கடைசிச் சரணத்துக்குக் கிக்கையும் பேஸையும் எடுத்துவிட்டு 8 பார் குரலும் ஏக்தாராவும் மட்டும் விடுங்கள். பெயர் தெளிவாகக் கேட்ட பிறகு, அடுத்த சமத்தில் கிக் திரும்பட்டும்.