இடது விலாவுக்குக் கீழே

ஜூன் 12, வியாழன்

மகனுக்கு மறுபடி வயிற்றுவலி. நாலு மாதத்தில் மூன்றாவது தடவை. ஓமத்தண்ணீர் கொடுத்தேன், வாந்தி எடுத்துவிட்டான். "கேஸா இருக்கும்மா" என்றார் அத்தை. முதல் இரண்டு தடவையும் நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் இவன் எப்போதும் ஒரே இடத்தில்தான் கை வைக்கிறான், இடது விலாவுக்குக் கீழே.

ஜூன் 13, வெள்ளி

ராத்திரி முழுக்கத் தூங்கவில்லை. லேசாகக் காய்ச்சல் வேறு. ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்தார்கள். மண்ணீரலுக்குப் பக்கத்தில் நாலு சென்டிமீட்டருக்கு ஓர் உருண்டை. ரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் ஸ்கேனில் மண்ணீரலுக்குள் ரத்தம் ஓடுவது தெரிகிறது, உருண்டைக்குள் ஓட்டமே இல்லை. யாரோ 'கட்டி' என்றார்கள். அதற்குப் பிறகு சொன்ன எதுவும் என் காதில் ஏறவில்லை.

ஜூன் 14, சனி

சி.டி.யிலும் அதேதான். மருந்து ஏற்றியதும் மண்ணீரல் வெளுப்பாகத் தெரிய, உருண்டை மட்டும் இருட்டாகக் கிடக்கிறது.

டாக்டரம்மா தாளில் வரைந்து காட்டினார். கருவில் ஐந்தாவது வாரம் வாக்கில் மண்ணீரல் சின்னச் சின்ன மொட்டுகளாகத் தோன்றி ஒன்றுசேருமாம். சேராமல் தனித்து நிற்பது துணை மண்ணீரல். நூறு பேரில் பத்துப் பேருக்காவது இருக்கும், பெரும்பாலும் ஒன்றிரண்டு சென்டிமீட்டர்தான், ஆயுசுக்கும் தொந்தரவு தராது. இவனுடையது நீளக் காம்பில் தொங்கி, அந்தக் காம்பு முறுக்கிக்கொண்டிருக்கலாம் என்று சந்தேகப்படுகிறார். உள்ளே பார்த்தால்தான் உறுதியாகச் சொல்ல முடியுமாம்.

"முன்னாடி வந்த வலி?"

"முறுக்கி, தானாப் பிரிஞ்சிருக்கும்."

அந்த ராத்திரிகளில் "பேசாமல் படுடா" என்று அவனை அதட்டியிருக்கிறேன்.

ஜூன் 15, ஞாயிறு

லேப்ராஸ்கோப்பி முடிந்தது. மூன்று துளைகள். காம்பு இரண்டு சுற்று முறுக்கியிருந்ததாம். எடுத்ததைக் காட்டினார்கள், கத்தரிக்காய் நிறத்தில் இருந்தது.

என் பயமெல்லாம் வேறு. மண்ணீரல் இல்லாவிட்டால் கிருமித் தொற்றைத் தாங்குவது கஷ்டம். விபத்தில் அதை இழந்த உறவுக்காரர் ஒருவர் நிமோகாக்கஸ் என்ற கிருமிக்கு எதிரான தடுப்பூசி போட்டுக்கொண்டு, காய்ச்சல் வந்தாலே ஆஸ்பத்திரிக்கு ஓடுவார். இவனுக்கு அது தேவையில்லை. பெரிய மண்ணீரலைத் தொடவே இல்லை, அது நன்றாக வேலை செய்கிறது. இதை டாக்டரம்மாவிடம் மூன்று தடவை கேட்டுவிட்டேன். மூன்று தடவையும் பொறுமையாகச் சொன்னார்.

ஜூன் 23, திங்கள்

பயாப்சி வந்தது. ரத்தம் கிடைக்காமல் செத்துப்போன மண்ணீரல் திசு. புற்று இல்லை.

தயிர்சாதம் சாப்பிட்டுக்கொண்டே கேட்டான்: "இன்னொண்ணு எங்கயாவது இருக்குமாம்மா?" சிலருக்கு ஒன்றுக்கு மேலும் இருக்கும் என்பதால் அதையும் கேட்டுவைத்திருந்தேன். சி.டி.யில் வேறு எதுவும் தெரியவில்லை என்று சொன்னேன். விலாவுக்குக் கீழே மெல்ல அழுத்திப் பார்த்துவிட்டு, இன்னும் கொஞ்சம் சாதம் கேட்டான்.