உள்ளே அழித்தேன், வெளியே குறையவில்லை: மாமா கடை கம்ப்யூட்டரில் ஒரு ராத்திரி

போன மாதம் 10ஆம் தேதி சாயங்காலம் மாமா கடையிலிருந்து போன். பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் மொத்த ஜவுளிக் கடை. பில் போடும் அக்காதான் பேசினார். "தம்பி, கணக்கு அப்படியே நின்னுபோச்சு, ஏதோ இங்கிலீஷ்ல எழுதி வருது, ஆஃப் பண்ணிட்டு மறுபடி போடட்டுமா?" மறுநாள் 11, ஜிஎஸ்டிஆர்-1 (மாத விற்பனைக் கணக்கு) போடக் கடைசி நாள், ஆடிட்டருக்கு விற்பனைப் பட்டியல் இன்னும் போகவில்லை. எதையும் தொடாதீங்கக்கா, ஸ்க்ரீனை போட்டோ எடுத்து அனுப்புங்க என்று சொல்லிவிட்டு, தேரடியில் மெட்ரோ ஏறி வண்ணாரப்பேட்டையில் இறங்கிப் போய்ச் சேர்ந்தபோது மணி ஏழு.

அந்தக் கடைக் கணக்கு டாஸ் காலத்து ஃபாக்ஸ்புரோ என்ற டேட்டாபேஸ் மென்பொருளில் எழுதியது. எழுதிக் கொடுத்தவர் இப்போது தொழிலில் இல்லை. 64 பிட் விண்டோஸ் 16 பிட் நிரலை ஓட்டாது, அதனால் நான்தான் விர்ச்சுவல்பாக்ஸில், அதாவது கம்ப்யூட்டருக்குள் இன்னொரு கம்ப்யூட்டரை (விர்ச்சுவல் மெஷின், சுருக்கமாக விஎம்) ஓட்டும் மென்பொருளில், 32 பிட் விண்டோஸ் 7 போட்டு அதற்குள் வைத்துக் கொடுத்திருந்தேன். விண்டோஸ் 7க்கு மைக்ரோசாஃப்ட் ஆதரவு 2020 ஜனவரி 14ஓடு முடிந்துவிட்டது என்பதால் அந்த விஎம்முக்கு நெட் இணைப்பே கிடையாது. இருபது வருஷத்துப் பார்ட்டி பாக்கியும் அதற்குள்தான் இருக்கிறது, போனால் போனதுதான்.

ஸ்க்ரீனில் வந்திருந்தது இதுதான்: வெளிக் கம்ப்யூட்டரில் டிஸ்க் நிறைந்துவிட்டது, விஎம் நிறுத்தி வைக்கப்பட்டிருக்கிறது, இடம் பண்ணிக் கொடுத்தால் தொடரலாம். இதைப் பார்த்தால் யாரும் பவரை அணைத்துவிடாதீர்கள். விஎம் செத்துப்போகவில்லை, எழுத இடமில்லாமல் பாதியில் காத்துக்கொண்டு நிற்கிறது, அவ்வளவுதான். அந்த நேரத்தில் ஃபாக்ஸ்புரோ டேபிள்கள் திறந்தே இருக்கும். பவரை அணைத்தால் எழுதிக்கொண்டிருந்த டேபிளும் இண்டெக்ஸும் கெட்டுப்போக வாய்ப்பு அதிகம். அக்கா கேட்டுவிட்டுச் செய்யலாம் என்று நினைத்தாரே, அதுதான் அன்றைக்குக் கணக்கைக் காப்பாற்றியது.

முதலில் மூச்சுவிட இடம் வேண்டும். ரீசைக்கிள் பின், டவுன்லோட்ஸ் இரண்டையும் காலி செய்ததில் 9 ஜிபி. கட்டளைச் சாளரத்தை அட்மினாகத் திறந்து ஹைபர்னேஷனை (ராமில் இருப்பதை டிஸ்க்கில் எழுதிவிட்டு அணையும் வசதி) நிறுத்தியதில் இன்னொரு 6 ஜிபி. 16 ஜிபி ராம் உள்ள மெஷினில் ஹைபர்னேஷன் ஃபைல் அவ்வளவு இடம் பிடிக்கும், கடை டெஸ்க்டாப்புக்கு அது தேவையே இல்லை. பிறகு விஎம்மைத் தொடரச் சொன்னேன், விட்ட இடத்திலிருந்து ஓடியது. அக்கா பில்லை முடித்து, பட்டியலை எடுத்து ஆடிட்டருக்கு அனுப்பி, நிரலை ஒழுங்காக மூடினார். டேட்டா ஃபோல்டரை பென்டிரைவில் எடுத்துக்கொண்டு, விண்டோஸ் 7ஐ முறையாக ஷட்டவுன் செய்தேன். மாமா ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு டீ வாங்கி வரச் சொன்னார்.

அப்புறம்தான் கணக்குப் பார்த்தேன். எஸ்எஸ்டி 240 ஜிபி. அதில் விஎம்மின் ஹார்ட் டிஸ்க்காக இருக்கும் விடிஐ ஃபைல் 88 ஜிபி, பக்கத்தில் ஸ்னாப்ஷாட் (விஎம்மின் அன்றைய நிலையைக் குறித்து வைக்கும் வசதி) ஃபோல்டர் 41 ஜிபி. மாமா மகன் கல்லூரிப் பாடத்துக்காகப் போட்ட டபிள்யூஎஸ்எல் (விண்டோஸுக்குள் லினக்ஸ் ஓட்டும் வசதி) லினக்ஸ் 38 ஜிபி. ஆனால் விண்டோஸ் 7க்குள் போய்ப் பார்த்தபோது சி டிரைவில் பிடித்திருந்த இடம் 30 ஜிபி சொச்சம்தான்.

காரணம் எனக்குத் தெரிந்ததுதான், கவனிக்காமல் விட்டிருந்தேன். தினமும் கடை மூடும்போது ஒரு 60 எம்பி பேக்கப் ஜிப், வருஷத்துக்கு 300 நாள், நான்கு வருஷம் அந்த விஎம்முக்குள்ளேயே சேர்ந்திருந்தது. ஆறு மாதம் முன்பு அதையெல்லாம் அழித்தேன். உள்ளே இடம் விடுபட்டது, வெளியே ஒரு எம்பி கூடக் குறையவில்லை. டைனமிக் விடிஐ தேவைக்கேற்ப வளரும், தானாகச் சுருங்காது. உள்ளே ஃபைலை அழிப்பது பேரேட்டில் சரக்கின் பெயரை அடிப்பது மாதிரி, பெயரை அடித்துவிட்டால் மூட்டை கோடவுனை விட்டுப் போய்விடுமா?

ஸ்னாப்ஷாட் ஃபோல்டரைத் திறந்து பெரிய ஃபைல்களை அப்படியே அழித்துவிடலாம் என்று தோன்றும். தயவுசெய்து வேண்டாம். அவை பழைய நகல்கள் இல்லை. ஸ்னாப்ஷாட் எடுத்த நாளுக்குப் பின் எழுதியதெல்லாம் அந்த ஃபைல்களில்தான் இருக்கிறது, அக்கா நேற்றுப் போட்ட பில் உட்பட. விர்ச்சுவல்பாக்ஸுக்குள் போய் ஸ்னாப்ஷாட்டை நீக்கு என்று சொன்னால்தான் அது ஒன்றோடொன்றைச் சேர்க்கும், சேர்க்கும்போது தற்காலிகமாகக் கூடுதல் இடமும் கேட்கும்.

அதற்கு முன் மொத்த விஎம் ஃபோல்டரையும் எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க்கில் நகல் எடுக்கப் போனால், ஃபைல் பெரியது என்று மறுத்தது. அது ஃபேட்32 ஃபார்மட், 4 ஜிபிக்கு மேல் ஒரு ஃபைலை வாங்காது. அதிலிருந்த கல்யாண போட்டோக்களை வேறிடத்தில் வைத்துவிட்டு என்டிஎஃப்எஸ் ஆக்கி மறுபடி ஆரம்பித்தேன். முன்பக்கத்து யுஎஸ்பி 2.0 போர்ட், ஒன்றேகால் மணி நேரம் ஓடியது.

அடுத்து டபிள்யூஎஸ்எல். மாமா மகனிடம் கேட்டுவிட்டு, அவனுக்கு வேண்டாத டாக்கர் இமேஜ்களை (தயார்நிலை நிரல் பொதிகளை) நீக்கி, டபிள்யூஎஸ்எல்லை முழுதாக ஷட்டவுன் செய்து, விண்டோஸின் டிஸ்க்பார்ட் கருவியில் அந்த லினக்ஸின் டிஸ்க்கான விஹெச்டிஎக்ஸ் ஃபைலைத் தேர்ந்து, படிக்க மட்டும் என்ற முறையில் இணைத்து, காம்பாக்ட் (சுருக்கும் கட்டளை) கொடுத்து, இணைப்பை எடுத்தேன். 38 ஜிபி 14 ஆனது. இப்போது ஸ்னாப்ஷாட்களைச் சேர்க்க இடம் வந்துவிட்டது. மூன்றையும் ஒவ்வொன்றாக நீக்கினேன். அதில் ஒன்று மட்டும் நாற்பது நிமிஷம் எடுத்தது, பட்டை அசையாமல் நின்றது, மாமா இரண்டு தடவை எட்டிப் பார்த்து "மாட்டிக்கிச்சாடா?" என்றார். மாட்டவில்லை, டாஸ்க் மேனேஜரில் டிஸ்க் வேலை செய்வது தெரிந்தது, காத்திருந்தேன். நடுவில் மூடியிருந்தால் அந்த எக்ஸ்டர்னல் நகல்தான் கதி.

பிறகு விர்ச்சுவல்பாக்ஸின் விபாக்ஸ்மேனேஜ் கட்டளையில் மாடிஃபைமீடியம் கொடுத்து விடிஐயைக் காம்பாக்ட் செய்யச் சொன்னேன். ஏறக்குறைய ஒன்றுமே குறையவில்லை. விடிஐ 1 எம்பி துண்டுகளாக இடம் பிடிக்கிறது, முழுக்கப் பூஜ்யமாக இருக்கும் துண்டைத்தான் காம்பாக்ட் விட்டுக் கொடுக்கும். அழித்த ஜிப்களின் பழைய எழுத்துகள் அங்கேயே கிடக்கும்போது அது எதை விடும்? ஆக மறுபடி விண்டோஸ் 7ஐ ஏற்றி, முதலில் டிஃப்ராக் (சிதறிய ஃபைல் துண்டுகளை ஒன்றுசேர்ப்பது), பிறகு எஸ்டெலீட் கருவியை இசட் என்ற சுவிட்சோடு ஓட்டிக் காலி இடம் முழுக்கப் பூஜ்யம் எழுத வைத்தேன். சி சுவிட்சைப் போடக்கூடாது, அது பாதுகாப்பாக அழிப்பதற்காகக் கண்ட எழுத்தையும் எழுதும், சுருங்காது. உள்ளே லினக்ஸ் என்றால் ஜீரோஃப்ரீ உண்டு, பார்ட்டிஷனைப் படிக்க மட்டும் என்று மவுண்ட் செய்துவிட்டு ஓட்ட வேண்டும். முடிந்ததும் ஷட்டவுன், மறுபடி காம்பாக்ட். ஃபைல் 34 ஜிபி. ஸ்னாப்ஷாட் ஃபோல்டர் காலி. மணி ஒன்றரை.

அத்தோடு முடியவில்லை. விஎம் ஏறுவதற்கே ஐந்து நிமிஷம் ஆனது, விஎம் சாளரத்தின் கீழ்மூலையில் பச்சை ஆமைப் படம். கொஞ்ச நாளாகவே மெதுவாத்தான் இருக்கு தம்பி என்று அக்கா சொன்னது அப்போதுதான் புரிந்தது. டபிள்யூஎஸ்எல் 2க்காக விண்டோஸின் ஹைப்பர்வைசர் (விஎம்களை ஓட்டும் அடித்தளம்) ஓடும்போது விர்ச்சுவல்பாக்ஸ் பிராசசரை நேரடியாக எடுத்துக்கொள்ள முடியாது, அதன் வழியாகத்தான் போக வேண்டும், அதற்கு அடையாளம் அந்த ஆமை. ஹைப்பர்வைசரை நிறுத்தினால் பையன் படிப்பு நிற்கும். அதனால் பிசிடிஎடிட் என்ற பூட் அமைப்புக் கருவியில் இப்போதைய பூட் பதிவை நகல் எடுத்து, நகலில் மட்டும் ஹைப்பர்வைசர் லாஞ்ச் டைப்பை ஆஃப் ஆக்கினேன். இப்போது கம்ப்யூட்டரைப் போட்டதும் "கடை", "படிப்பு" என்று இரண்டு வரி வரும். "கடை" வரியில் ஏறினால் ஆமை இல்லை, அரை நிமிஷத்தில் கணக்கு திறக்கிறது.

தினசரி பேக்கப் இனி விஎம்முக்குள் சேராது, ஷேர்டு ஃபோல்டர் வழியாக வெளி டிரைவுக்குப் போகிறது, சனிக்கிழமைதோறும் அக்கா பென்டிரைவிலும் எடுக்கிறார். ஸ்னாப்ஷாட் எடுத்தால் வேலை முடிந்த அன்றே நீக்குவது என்று எனக்கே ஒரு கண்டிப்பு. அந்த எக்ஸ்டர்னல் டிஸ்க்கை மாமா துணியில் சுற்றிப் பணப்பெட்டிக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறார், கல்யாண போட்டோக்களை அதில் திருப்பி ஏற்ற அடுத்த ஞாயிற்றுக்கிழமை போகிறேன்.