பேலீஃப் பண்ணைவீடு: சில நாட்கள்

ஏப்ரல் 12, சனி

இங்கிலாந்தின் சிசெஸ்டரிலிருந்து பஸ் பிடித்து சிங்கிள்டன் கிராமத்துக்குப் போனேன். அங்கே வீல்ட் அண்ட் டவுன்லேண்ட் அருங்காட்சியகத்தில் எத்தனையோ பழைய வீடுகள் இருந்தும், பேலீஃப் என்ற பண்ணைவீட்டை விட்டு நகர மனம் வரவில்லை. கூடமும் ஒரு பக்கத்து அறைகளும் 1405-க்கும் 1430-க்கும் இடையில் கட்டியவை. மறுபக்க அறைகள் 1510 வாக்கில் சேர்ந்தவை.

கூடத்துக்கு மேல் மாடி கிடையாது, நேரே கூரைதான். புகைபோக்கியும் கிடையாது. தரை நடுவில் நெருப்பு மூட்டியிருந்தார்கள். புகை மேலே போய்த் தேங்கி, கூரை வழியாகக் கசிந்து வெளியேறுகிறது. ஜன்னலில் கண்ணாடி இல்லை. மரக் கம்பிகளும் அடைக்கப் பலகையும்தான். கண் எரிந்தது. இருந்தாலும் கடைசி பஸ் வரை அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.

ஏப்ரல் 13, ஞாயிறு

மறுபடி போனேன். இன்று மரங்கள் சேரும் மூட்டுகளை மட்டும் பார்ப்பது என்று முடிவு.

இந்த வீட்டில் சுவர் எதையும் தாங்கவில்லை. பாரமெல்லாம் ஓக் மரச் சட்டங்கள் மேல். இடைவெளிகளில் வரிச்சு கட்டி, மண்ணோடு சாணமும் வைக்கோலும் குழைத்து அப்பியிருக்கிறார்கள்.

சட்டங்களை இணைப்பது மர ஆணி. ஒன்றைத் தொட்டுப் பார்த்தேன்: விரல் பருமன், தலை கொஞ்சம் துருத்திக்கொண்டு நிற்கிறது. ஒரு சட்டத்தின் முனையை நாக்குப் போலச் செதுக்கி அடுத்த சட்டத்தின் குழிக்குள் செருகுவார்கள்; அந்த நாக்குதான் கழுந்து. கழுந்தில் போடும் துளையை, குழியுள்ள சட்டத்தின் வெளித்துளைக்கு நேராகப் போடாமல் வேண்டுமென்றே ஒரு நூல் தள்ளிப் போடுவார்கள். ஆணியை அடிக்க அடிக்கக் கழுந்து உள்ளே இழுபட்டு மூட்டு இறுகும். எவ்வளவு அழகான யோசனை! மரமும் பச்சை மரம். காய்ந்த ஓக்கில் உளி லேசில் இறங்காது. முதலில் சட்டங்களைத் தரையில் கிடத்திப் பொருத்திப் பார்த்து, எது எதோடு சேரும் என்று தச்சர்கள் ரோமன் எண்களைக் கீறிவைப்பார்கள். அப்புறம்தான் தூக்கி நிறுத்துவது.

ஏப்ரல் 15, செவ்வாய்

நாள் முழுக்க மழை. போகவில்லை.

ஏப்ரல் 19, சனி

இந்த வீடு பிறந்த ஊர் இது இல்லை. கென்ட்டில், சிடிங்ஸ்டோனில் இருந்தது. பவ் பீச் நீர்த்தேக்கத்துக்காக இடத்தைக் காலி செய்ய வேண்டி வந்தபோது, 1960-களின் கடைசியில் சட்டம் சட்டமாகக் கழற்றி எடுத்துவந்து 1972-ல் இங்கே நிறுத்தினார்கள். ஆணியைத் தட்டி எடுத்தால் மூட்டு விடுபடும். செங்கல் வீடாக இருந்திருந்தால் இடித்துத்தான் இருப்பார்கள்.

இன்று வெளியே புல்லில் உட்கார்ந்து முகப்பையே பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு ஓரத்து மாடி அறைகளும் கீழ்ச்சுவரைத் தாண்டி முன்னால் நீண்டிருக்கின்றன. நடுவில் கூடம் மட்டும் உள்வாங்கி நிற்கிறது. கூரையோ மூன்றுக்கும் ஒன்றே. அதனால் கூடத்துக்கு முன்னால் கூரை விளிம்பு அந்தரத்தில் நிற்கிறது. அதைத் தாங்க இரு பக்கமும் வில்லாய் வளைந்த ஓக் கட்டைகள். சாயங்கால வெயில் அவற்றில் விழுந்தபோது வளைவோடு வளைவாக மரத்தின் ரேகையும் ஓடுவது தெரிந்தது.